ஆண்டீஸ் கலைஞர்கள் மாதாவுக்கு ஏன் வேறு உடை உடுத்துகிறார்கள்?

கேள்வி இது: ஆண்டீஸ் மலைநாடுகளான பெரு, பொலிவியாவின் கலைஞர்கள் சிலர் கன்னி மரியாளையும் புனிதர்களையும் பெண்ணுடை தரித்த ஆணாகவும் திருநராகவும் பூர்வகுடிப் பெண்ணாகவும் மாற்றிப் படைக்கிறார்கள். இது வெளிநாட்டுக் கண்காட்சிக்காரர்களின் கண்ணில் படுவதற்காகச் செய்யும் பரபரப்பா, அந்த மண்ணில் இதற்கு வேர் ஏதாவது இருக்கிறதா?

பரபரப்புக்காகச் செய்தவையும் இருக்கின்றன. ஆனால் வேர் உண்டு, அது தேவாலயத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டீஸ் மாதாவின் உருவமே உடைமாற்றத்தில் பிறந்ததுதான். அதைத் தெரிந்துகொண்டு செய்த கலைஞர்களின் வேலை இன்றும் நிற்கிறது. தெரியாமல் செய்தவர்களுடையது ஒரு வாரச் செய்தியோடு போய்விட்டது.

பொதோசியிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய பொலிவியாவில் இருக்கும் அந்த ஊரின் செர்ரோ ரிக்கோ மலையில் 1545-இல் வெள்ளி கிடைத்தது. ஸ்பானியப் பேரரசு பல தலைமுறைகளுக்கு அந்த மலையைத் தின்று வாழ்ந்தது. சுரங்கத்துக்குள் இறக்கிவிடப்பட்டவர்கள் பூர்வகுடி மக்கள். அந்த மலையை மாதாவாக வரைந்த 18-ம் நூற்றாண்டு ஓவியங்கள் சில உள்ளன. ஓவியர்களின் பெயர் தெரியாது. பொலிவியாவின் லா பாஸ் நகரில் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருப்பது 1720-ஐச் சேர்ந்தது, இன்னொன்று பொதோசியின் பழைய நாணயச்சாலையில் இருக்கிறது. மலையுச்சியில் மாதாவின் முகம், சரிவிலிருந்து நீளும் இரண்டு கைகள். பாவாடை இருக்க வேண்டிய இடத்தில் மலை. அந்தப் பாவாடையின் மேல் பாதைகள், சிறு சிறு மனிதர்கள், விலங்குகள். மேலே பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் முடிசூட்டுகிறார்கள், கீழே போப்பும் பேரரசரும் முழங்காலிட்டிருக்கிறார்கள், இருபுறமும் சூரியனும் சந்திரனும்.

பொலிவியக் கலை வரலாற்றாசிரியர் தெரேசா கிஸ்பெர்ட் 1980-இல் வெளியிட்ட நூலில் இந்த மாதாவுக்குள் பாச்சமாமாவை, அதாவது ஆண்டீஸ் மக்களின் நிலத்தாயைக் கண்டார். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. இது முழுக்கக் கத்தோலிக்க உருவகம்தான் என்போர் உண்டு. அவர்கள் கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது: அகுஸ்தீன் சபைத் துறவி அலோன்சோ ராமோஸ் கவிலான் 1621-லேயே மரியாளை மலையாகவும் கிறிஸ்துவை அந்த மலையிலிருந்து பெயர்ந்த கல்லாகவும் எழுதிவிட்டார். என்னைக் கேட்டால், இரு தரப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. சுரங்கத்துக்குள் போகுமுன் மலைக்குப் படையல் வைத்தவர் அந்தப் படத்தின் முன்னும் மண்டியிட்டிருப்பார். பாதிரியாரும் அதே படத்தின் முன் மண்டியிட்டிருப்பார். இருவரும் ஒன்றையே வணங்கினார்களா என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கேட்காமல் இருந்ததால்தான் அந்தப் படம் பிழைத்தது.

உடை என்று நான் சொல்வது உருவகத்துக்காக இல்லை. ஆண்டீஸ் தேவாலயங்களில் இருக்கும் மாதா சொரூபங்கள் பலவற்றில் தலையும் கைகளும் மட்டும்தான் செதுக்கப்பட்டிருக்கும். கழுத்துக்குக் கீழே மரச்சட்டம். அதன்மேல் பட்டும் சரிகையும் வைத்துத் தைத்த கனத்த உடை, பக்தர்கள் காணிக்கையாகத் தந்தது, திருவிழாவுக்குத் திருவிழா மாறுவது. பெருவின் குஸ்கோ நகர ஓவியர்கள் வரைந்த மாதாக்கள் முக்கோண வடிவில், மலைபோல விரிந்து நிற்பது ஏன் என்றால், அவர்கள் பெண்ணைப் பார்த்து வரையவில்லை, இப்படி உடுத்தி வைத்த சொரூபத்தைப் பார்த்து வரைந்தார்கள். பக்கத்தில் மெழுகுவர்த்தி, திரைச்சீலை, பூச்சாடி எல்லாம் சேர்த்தே வரைந்தார்கள். உடையின் மேல் தங்கத்தால் பூ வேலை பதித்தார்கள். அந்த ஓவியங்களில் உடலைத் தேடினால் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் உடுப்பு.

திருவுருவத்தை யார் செய்யலாம் என்ற சண்டையும் புதிதன்று. தித்திகாக்கா ஏரிக்கரையில் இருக்கும் கோபகபானா மாதா பொலிவியாவின் பாதுகாவலி. அந்தச் சொரூபத்தைச் செதுக்கியவர் பிரான்சிஸ்கோ தித்தோ யுபாங்கி, ஸ்பானியர் வருமுன் ஆண்டீஸை ஆண்ட இன்கா அரச மரபில் வந்த பூர்வகுடிக்காரர். அவருடைய முதல் முயற்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஓவியன் ஆக அனுமதி கேட்டுப் போனபோது, வேண்டுமானால் குரங்கை வரைந்துகொள், மாதாவை உன்னைப் போன்றவர்கள் வரையக் கூடாது என்ற பொருளில் பதில் கிடைத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அதைப் பதிவு செய்து காப்பாற்றியவரும் மேலே சொன்ன ராமோஸ் கவிலான்தான். தித்தோ யுபாங்கி பொதோசிக்குப் போய்த் தொழில் கற்று, செதுக்கி முடித்து, 1583 பிப்ரவரி 2 அன்று சொரூபம் கோபகபானாவில் நிறுவப்பட்டது. இன்று தென்னமெரிக்காவின் மிகப் பெரிய யாத்திரைத் தலங்களில் ஒன்று அது. தகாத கை தொட்ட உருவம் என்று முதலில் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் முன்தான் மண்டியிட்டார்கள்.

அடுத்த திருப்பம் 1781. ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக இரண்டாம் துப்பாக் அமாரு தலைமையில் முந்தைய ஆண்டு வெடித்த கலகம் அடக்கப்பட்டு, மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் அவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அந்தத் தண்டனைத் தீர்ப்பு அவரோடு நிற்கவில்லை. இன்கா அரசர்களின் படங்களை வைத்திருப்பதையும் இன்கா மரபுடைகளை அணிவதையும் சேர்த்துத் தடை செய்தது. அதற்கு முன் குழந்தை இயேசுவுக்கே இன்கா அரசனைப் போல உடுத்திப் பவனி எடுத்த ஊர் அது. துணிக்கு இவ்வளவு அரசியல் இருந்த இடத்தில்தான் நீங்கள் கேட்கும் கலைஞர்கள் வேலை செய்கிறார்கள்.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜுசெப்பே கம்புசானோ (1969–2013). பெருவின் தலைநகர் லிமாக்காரர், தத்துவம் படித்தவர், பெண்வேடக் கலைஞர். 2000-களின் தொடக்கத்தில் 'பெருவின் த்ராவெஸ்தி அருங்காட்சியகம்' என்ற ஒன்றைத் தொடங்கினார். ஆணாகப் பிறந்து பெண்ணாக உடுத்தி வாழ்பவர்களை அங்கே த்ராவெஸ்தி என்பார்கள். வசவாகவும் வழங்கும் சொல் அது, அவர்களே பெருமையாக எடுத்துக்கொண்ட சொல்லும் கூட. இந்த அருங்காட்சியகத்துக்குக் கட்டடம் கிடையாது. பதாகைகள், நகல்கள், ஒளிப்படங்கள், செய்தித்தாள் துணுக்குகள், நடன முகமூடிகள், சில பொருட்கள். சதுக்கத்திலும் பல்கலைக்கழகத்திலும் மாட்டுவார், கழற்றுவார், சுருட்டி எடுத்துக்கொண்டு போவார். கொலம்பஸுக்கு முந்தைய மட்பாண்டத்தின் படமும் த்ராவெஸ்திகள் தாக்கப்பட்ட செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். 2008-இல் அது நூலாகவும் வந்தது.

அசல் பொருள் ஒன்றுகூட இல்லாமல் இது என்ன அருங்காட்சியகம் என்று சிலர் கேட்டார்கள். கோபகபானாவில் அசல் சொரூபம் கோவிலை விட்டு வெளியே வருவதில்லை, பவனிக்குப் போவது நகல்தான். நகலுக்கு முன் அழும் பக்தரிடம் போய் இது அசல் இல்லையே என்று யாரும் சொல்வதில்லை. கம்புசானோ இந்தத் தர்க்கத்தைத் திருச்சபையிடமிருந்தே எடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அசல்கள் அரசிடமும் திருச்சபையிடமும் பணக்காரச் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. நகலை யாரும் பூட்டி வைக்க முடியாது.

2007-இல் அவர் தாமே மாதாவாக உடுத்தி நின்ற ஒளிப்படம் 'குவாக்காக்களின் மாதா'. எடுத்தவர் அலெஹாந்த்ரோ கோமெஸ் தே துத்தோ. குவாக்கா என்றால் ஆண்டீஸ் மக்களின் புனித இடம், புனிதப் பொருள்: ஒரு பாறை, ஓர் ஊற்று, ஒரு மேடு, ஒரு சமாதி. ஸ்பானியர்கள் அவற்றைப் புதையலுக்காகத் தோண்டினார்கள், சிலை வழிபாட்டை ஒழிக்கிறோம் என்று இடித்தார்கள், பல இடங்களில் அவற்றின் மேலேயே சிலுவை நட்டார்கள். ஆக அந்தப் படத்தில் மாதாவின் உடுப்புக்குள் த்ராவெஸ்தி இருக்கிறார், பெயருக்குள் இடிக்கப்பட்ட குவாக்கா இருக்கிறது. பொதோசி ஓவியர் மலைக்குச் செய்ததும் இதுதானே. ஏளனம் செய்ய வேண்டும் என்றால் கோமாளித்தனமாக உடுத்தியிருக்கலாம். அவர் சொரூபத்துக்குச் செய்யும் சிரத்தையோடு உடுத்திக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிகச் சிறந்த படைப்பு அதுதான்.

2004-இல் அவர் செய்த இன்னொரு வேலையும் நினைவில் நிற்பது. பெரு அரசின் தேசிய அடையாள அட்டை வடிவத்தில், பெண் ஒப்பனையோடு இருக்கும் தம் முகத்தை வைத்தார். அரசு வழங்கும் அட்டையும் ஒரு வகைத் திருவுருவம்தான், அதிலும் யார் எப்படி உடுத்தியிருக்கலாம் என்று விதி இருக்கிறது.

இனி அந்தப் பொற்காலக் கதை. கொலம்பஸுக்கு முந்தைய ஆண்டீஸ் எல்லாப் பாலினத்தவருக்கும் சொர்க்கமாக இருந்தது என்று இணையத்தில் நிறையப் படிக்கலாம். ஹுவான் தே சாந்தா க்ரூஸ் பாச்சகுத்தி யாம்கி என்ற பூர்வகுடி எழுத்தாளர் ஏறத்தாழ 1613-இல் எழுதிய கையெழுத்துப் படியில் சுக்கி சின்சாய் என்று பல வண்ணம் கொண்ட ஒரு விலங்கு வருகிறது. ஜாகுவார்களின் தலைவன் அது, இரு இயல்பு கொண்ட மனிதர்களின் காவல் என்கிறார். ஸ்பானிய வரலாற்றாளர் சியெசா தே லியோன் 1553-இல் வெளியிட்ட வரலாற்றில், சில கோவில்களில் சிறுவயதிலிருந்தே பெண்ணைப் போல உடுத்தி, பெண்ணைப் போலப் பேசி வாழ்ந்த ஆண்களைப் பற்றி ஒரு துறவி சொன்ன செய்தி இருக்கிறது. இவை கலைஞர்கள் அடிக்கடி எடுத்தாளும் இரண்டு மேற்கோள்கள். ஆனால் ஒன்றை எழுதியவர் கிறிஸ்தவர், இன்னொன்றைச் சொன்ன துறவி அப்படிப்பட்டவர்களைத் தண்டித்தவர். அதே காலத்து நூல்களில், ஓரினப் புணர்ச்சியில் ஈடுபட்டவர்களை இன்கா அரசர்கள் கொடுமையாகத் தண்டித்தார்கள் என்றும் இருக்கிறது. அதையும் அப்படியே நம்பிவிட முடியாது, இன்காக்களைக் கிறிஸ்தவர்களின் கண்ணுக்கு நல்லவர்களாகக் காட்ட எழுதியவர்கள் உண்டு. ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறுபட்டிருக்கும் என்பதற்கு மேல் சொல்வது கடினம். சடங்கில் இடம் இருந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. சொர்க்கம் என்பதற்கு இல்லை. கம்புசானோவின் பலம், அவர் சொர்க்கத்தை விற்கவில்லை என்பது. மட்பாண்டத்துக்குப் பக்கத்தில் செய்தித் துணுக்கை மாட்டியவர் அவர்.

அவருக்கு முன்னோடி செர்ஹியோ செவாயோஸ். 1980-களில் லிமாவுக்கு வெளியே சக்லகாயோ என்ற இடத்தில் ஜெர்மானியக் கலைஞர் ஹெல்முட் சோட்டா, ரவுல் அவெயானேதா ஆகியோருடன் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்தார். ஊர் பெயரே குழுவின் பெயராயிற்று. அது பெருவில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1980 முதல் 2000 வரை கொல்லப்பட்டோரும் காணாமல் போனோரும் ஏறத்தாழ 69,000 பேர் என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003-இல் மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

செவாயோஸ் 1986-இல் 'ரோசா கோர்டிஸ்' என்ற படைப்பில் லிமாவின் புனித ரோசாவை ஆண் உடலுக்குள் கொண்டுவந்தார். ரோசா (1586–1617) அமெரிக்கக் கண்டத்தின் முதல் புனிதர், 1671-இல் புனிதர் பட்டம் பெற்றவர், முள்முடியை ரோஜா மலர்களுக்குள் மறைத்துத் தலையில் அணிந்தவர், உடலை வதைத்துத் தவம் செய்தவர். பெருவில் அவர் காவல்துறையின் பாதுகாவலி. பின்னாளில் 200 சோல் நோட்டிலும் அவர் முகம் அச்சானது. இப்படி அரசின் கையிலேயே இருக்கும் ஒரு புனிதரை, உடல் வதைதான் அன்றாடச் செய்தியாக இருந்த ஆண்டுகளில், பெண்மை கொண்ட ஆண் உடலில் ஏற்றினால் அது வெறும் பாலின விளையாட்டாக இருக்க முடியாது. அந்தக் குழுவைப் பெருவில் வலதுசாரிகளும் ஏற்கவில்லை, இடதுசாரிகளும் ஏற்கவில்லை. 1980-களின் இறுதியில் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். 2014-இல் பிரேசிலின் 31-வது சாவோ பாவுலோ பியெனாலேயில், அதாவது ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியில், 'கடவுள் ஒரு மரிகா' (நம் ஊரில் பெண்தன்மை உள்ள ஆணைத் திட்டும் எந்தச் சொல்லையும் இங்கே போட்டுக்கொள்ளலாம்) என்ற பகுதியை மிகேல் லோபெஸ் என்ற பெரு நாட்டுக் கண்காட்சித் தொகுப்பாளர் அமைத்தபோது செவாயோஸின் படைப்புகளும் அதில் இருந்தன. கம்புசானோவின் அருங்காட்சியகமும் அதே பியெனாலேயில் காட்டப்பட்டது. அவர் இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

எல்லாத் திருவுருவமும் தேவாலயத்தில் இருப்பதில்லை. துப்பாக் அமாரு பெருவில் ஏறக்குறைய ஒரு புனிதர். 1968-க்குப் பின் வந்த வெலாஸ்கோ ராணுவ அரசு அவருடைய முகத்தைச் சுவரொட்டியெங்கும் ஒட்டியது. பிறகு அவர் பெயரில் ஒரு ஆயுதக் குழு வந்தது. 1989 மே 31 அன்று அந்தக் குழுவினர் தராபோத்தோ என்ற ஊரில் லாஸ் கார்தேனியாஸ் என்ற மதுக்கூடத்துக்குள் புகுந்து, த்ராவெஸ்திகளும் ஓரினச் சேர்க்கையாளர்களுமாக எட்டுப் பேரைப் பிடித்துக் கொன்றார்கள். சமூகத்தைச் சுத்தப்படுத்தினோம் என்று பெருமையும் பேசிக்கொண்டார்கள். பெருவில் பாலியல் சிறுபான்மையினர் மீதான வன்முறைக்கு எதிரான நாளாக மே 31-ஐ இன்று அனுசரிப்பது அதனால்தான். ஹாவி வார்காஸ் என்ற கலைஞர் 2006-இல் துப்பாக் அமாருவின் முகத்துக்குக் கவர்ச்சி நடிகைகளின் கூந்தலும் ஒப்பனையும் போட்டு ஒரு படத் தொடர் செய்தார். பின்னணி தெரியாதவர்களுக்கு அது பாப் கலை. தெரிந்தவர்களுக்கு, கொன்றவர்களின் தெய்வத்தைக் கொல்லப்பட்டவர்களின் உடையில் கொண்டுவந்து நிறுத்திய வேலை.

பொலிவியாவில் குரல் வேறு மாதிரி. முஹேரெஸ் க்ரேயாந்தோ என்ற பெண்ணியக் குழுவின் மரியா கலிந்தோ எதையும் பூசி மெழுகுபவர் இல்லை. 2010-இல் அவர் எடுத்த 'பார்பி மாதா' காணொளியில், வெள்ளைப் பொம்மை போன்ற மாதா தன் பதவியைத் துறக்கிறாள். பொதோசியை மையமாக வைத்து ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தில் அந்த ஆண்டு நடந்த ஒரு பெரிய கண்காட்சியில் அது இடம்பெற்றது. இடம் பொருத்தமானதுதான். பிறகு 2016-இல் தானிட்சா லூனா, எஸ்தர் அர்கோயோ ஆகியோரோடு லா பாஸில் தேசியக் கலை அருங்காட்சியகத்தின் வெளிச்சுவரில் 'அற்புதம் செய்யும் தெய்வநிந்தனைப் பலிபீடம்' என்ற ஓவியத்தை வரைந்தார். பக்தர்கள் சிலர் வந்து பெயின்ட் ஊற்றி அழித்தார்கள். அடுத்த ஆண்டு எக்வடோரின் தலைநகர் கித்தோவில் அதே ஓவியம் கண்டனத்துக்குள்ளாகி, பார்வையிலிருந்து அகற்றப்பட்டது. எனக்கு அந்தச் சுவரோவியம் கம்புசானோவின் படம் அளவுக்குப் பிடிக்கவில்லை. அது சுவரொட்டி மாதிரி உரக்கப் பேசுகிறது, இரண்டாம் முறை பார்க்க அதில் அதிகம் இல்லை. ஆனால் நகரத்தின் நடுச்சுவரில் நின்று அடி வாங்கியது அது. பியெனாலே அரங்கின் குளிர்சாதன அறையில் இருந்த படைப்புகள் வாங்காத அடி.

நியாயமான ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 'ஆண்டீஸ் அடையாளம்' என்று பேசும் கலைஞர்களில் பலர் லிமா, கித்தோ போன்ற நகரங்களில் படித்தவர்கள், ஸ்பானிய மொழியில் சிந்திப்பவர்கள். மலைக் கிராமத்துக் கெச்சுவா, அய்மாரா மக்கள் அவர்களுடைய படங்களுக்குள் வருகிறார்கள், பார்வையாளராக வருவது குறைவு. அதனால்தான் ஓருரோவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது.

ஓருரோ பொலிவியாவின் ஒரு சுரங்க நகரம். அங்கே சுரங்க வாயில் மாதாவுக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஆடிக்கொண்டு வரும் கார்னிவலை யுனெஸ்கோ 2001-இல் மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது. 2018-இல் ரில்டா பாக்கோ என்ற இளம் ஓவியர் அந்த மாதாவை உள்ளாடையோடு வரைந்தார். விழாவில் ஓடும் குடியையும் பெண்கள் மீதான வன்முறையையும் சுட்டிக்காட்டவே வரைந்ததாகச் சொன்னார். வழக்குப் போடுவோம் என்றார்கள், கொலை மிரட்டல்கள் வந்தன. மாதாவை உடை களைந்து காட்டுவது அந்த மரபுக்குள் அவ்வளவு வலுவான செயல் என்று நான் நினைக்கவில்லை. உடுப்பாகவே இருக்கும் தெய்வத்திடமிருந்து உடுப்பை எடுத்தால் மிஞ்சுவது மரச்சட்டம்தான். மிரட்டியவர்களுக்கு அது நியாயம் சேர்க்காது.

அந்த விழாவின் மொரெனாதா நடனத்தில் சைனா மொரேனா என்று ஒரு பெண் பாத்திரம் உண்டு. நீண்ட காலம் அதை ஆடியவர்கள் ஆண்கள். 1960-களிலும் 70-களிலும் பார்பரெல்லா, ஒஃபேலியா போன்ற த்ராவெஸ்திகள் அந்தப் பாத்திரத்தைத் தங்களுடையதாக்கி, குட்டைப் பாவாடையும் உயரமான பூட்ஸும் ஒப்பனையும் அதற்குக் கொண்டுவந்தார்கள். 1970-களின் நடுவில் லா பாஸ் திருவிழாவில் பார்பரெல்லா சர்வாதிகாரி ஹூகோ பான்செருக்கு எல்லார் முன்னிலையிலும் முத்தம் கொடுத்ததாகவும் அதன்பின் த்ராவெஸ்திகளைப் பவனியிலிருந்து விலக்கினார்கள் என்றும் அவர்களுடைய தோழர்கள் நினைவுகூர்கிறார்கள். தாவித் அருகிபா என்ற ஆய்வாளர், தாமும் லா பாஸின் கலான் குடும்பம் என்ற பெண்வேடக் குழுவைச் சேர்ந்தவர், இந்த நினைவுகளையும் பழைய ஒளிப்படங்களையும் தேடித் திரட்டி 2012-இல் நூலாக்கினார். 2000-களில் கலான் குழுவினர் மீண்டும் தெரு நடனத்துக்குள் ஆடிக்கொண்டே வந்தார்கள்.

விலக்கப்பட்டவர்கள் போனார்கள், அவர்கள் வடிவமைத்த உடை போகவில்லை. இன்று மாதாவின் முன் ஆடும் பெண்கள், நல்ல குடும்பத்துப் பெண்கள், மறைமாவட்டத்தின் ஆசியோடு அணிந்து ஆடும் அந்தக் குட்டைப் பாவாடையும் பூட்ஸும் த்ராவெஸ்திகள் கொடுத்தவை.